குளிர்காலத்தில் பண்ணைக் குளத்துப் புளூகில்: குவாசுலு-நட்டால் தூண்டிற்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஜூன், ஜூலை மாதங்களில் தெற்குக் கடற்கரைப் பக்கம் சார்டீன் கூட்டம் வந்துவிட்டது என்ற செய்தி பரவியதும், டர்பன் சுற்றுவட்டாரத் தூண்டிற்காரர்களில் பெரும்பாலோர் கடலை நோக்கிக் கிளம்பிவிடுகின்றனர். நன்னீர்க் கோல்கள் அக்டோபர் வரை பரண்மேல் கிடக்கின்றன. குளிரில் குளத்து மீன் இரை எடுக்காது என்ற நம்பிக்கைதான் இதற்குக் காரணம். திலாப்பியாவைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை பெருமளவு சரியானது. புளூகிலைப் பொறுத்தவரை தவறானது. வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்த மீன், மினசோட்டா, விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் ஏரி முழுதும் பனிக்கட்டியால் மூடிக்கிடக்கும்போதும், கட்டியில் துளையிட்டு இறக்கப்படும் சிறு தூண்டிலை எடுத்துக்கொண்டேதான் இருக்கிறது. நமது மிட்லண்ட்ஸ் என்னும் உள்நாட்டு மேட்டுப் பகுதியில் காலை உறைபனி விழுந்தாலும் குளத்து நீர் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. ஆகவே இங்கே கேள்வி மீன் தின்னுமா என்பதன்று. அது எந்த ஆழத்தில் நிற்கிறது, எவ்வளவு சிறிய இரையை, எவ்வளவு மெதுவாகக் கொடுத்தால் தின்னும் என்பதே. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே எழுதப்பட்டுள்ளது.

படி 1: குளத்தையும் அதில் உள்ள மீனையும் அறிதல்

பெருவாய் பாஸ் மீன் 1928-இல் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்குத் தீனியாகும் என்று 1938-இல் புளூகில் வந்தது. பிறகு இரண்டும் பண்ணைக் குளங்களில் சேர்த்தே விடப்பட்டன. எனவே பாஸ் உள்ள தனியார் குளத்தில் புளூகிலும் இருக்கக்கூடும். குளத்து உரிமையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்தெந்த மீன்கள், ஏறத்தாழ எப்போது விடப்பட்டன என்பதுதான்.

இடத்தைப் பொறுத்தும் மீன் மாறும். டொங்காட், ஸ்டாங்கர், உம்சிண்டோ பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் பாசனத்துக்காகக் கட்டிய குளங்கள் கடலோர வெப்பத்தில் இருப்பவை. அங்கே மொசாம்பிக் திலாப்பியா, அதாவது நம்மவர்கள் கர்ப்பர் என்று வாங்கும் மீன், நன்றாக வளரும். ஆனால் நீர் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அது இரை எடுப்பது மிகவும் குறைந்துவிடும். 10 டிகிரிக்குக் கீழே போனால் அதன் உயிருக்கே ஆபத்து. ஹோவிக், நாட்டிங்ஹாம் ரோடு போன்ற உயரமான இடங்களில் குளிர்காலத்தில் நம்பிப் போகத் தக்கது புளூகில்தான். அங்கே சில குளங்கள் டிரவுட் மீனுக்கென்றே வைக்கப்பட்டவை. அவற்றில் செயற்கைப் பூச்சித் தூண்டில் தவிர வேறெதையும் உரிமையாளர்கள் அனுமதிப்பதில்லை. மண்புழு டப்பாவுடன் அங்கே போய் நிற்பது மரியாதையாகாது.

புளூகிலை அடையாளம் காண்பது எளிது. உடல் பக்கவாட்டில் தட்டையாக, ஏறக்குறைய உள்ளங்கை வடிவில் இருக்கும். செவுள் மூடியின் பின்முனையில் கருமையான ஒரு மடல் நீட்டிக்கொண்டிருக்கும். முதுகுத் துடுப்பின் மென்மையான பின்பகுதியின் அடியில் ஒரு கரும்புள்ளி தெரியும். வாய் மிகச் சிறியது, பட்டாணிக்கு மேல் நுழையாது. தூண்டில் முள் எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதை அந்த வாயே தீர்மானிக்கிறது.

படி 2: அனுமதி

தனியார் குளத்தில் உரிமையாளரின் வாய்மொழி அனுமதிகூட இல்லாமல் கால் வைக்கக் கூடாது. வடக்குக் கடற்கரைப் பக்கத்தில் நம் பாட்டன் காலத்திலிருந்தே கரும்பு பயிரிடும் குடும்பங்கள் பல உண்டு, பெரியவர் ஒருவரிடம் போய், "ஐயா, சனிக்கிழமை காலையில் டேம் பக்கம் கொஞ்ச நேரம் தூண்டில் போட்டுக்கொள்ளலாமா?" என்று நேரில் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார். ஆடி மாத ஞாயிறுகளில் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் வீடாக இருக்கும் என்பதால் சனிக்கிழமையைக் கேட்பது உத்தமம்.

குவாசுலு-நட்டாலில் நன்னீர் மீன்பிடி உரிமத்தை வழங்குவது எசெம்வெலோ வனவுயிர் அமைப்பு. நீங்கள் போகும் குளத்துக்கு அது பொருந்துமா என்பதை அவர்களிடமே கேட்டு, உரிமத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு: பிடித்த புளூகிலை உயிருடன் வாளியில் போட்டு வேறொரு குளத்துக்கோ ஆற்றுக்கோ கொண்டுசெல்லக் கூடாது. நம் ஆறுகளின் சொந்த மீன்களுக்கு இந்த அந்நிய மீன் போட்டியாகவும், அவற்றின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்பதாகவும் இருக்கிறது. "என் குளத்திலும் நாலு விட்டுப் பார்க்கிறேன்" என்று தொடங்கும் ஆசை, வெள்ளம் வந்து குளம் நிரம்பி வழியும் நாளில் ஆற்றின் பிரச்சினையாகிவிடும். இந்த வழிகாட்டி ஏற்கெனவே மீன் உள்ள குளங்களுக்கு மட்டுமே.

படி 3: சாதனங்கள்

கோல் மென்மையாக இருக்க வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளமுள்ள மிக இலகுவான ஸ்பின்னிங் கோலும் சிறிய ரீலும் போதும். கரையிலிருந்து தக்கை கட்டிப் பிடிக்க விரும்புவோர் மூன்று மீட்டருக்குக் குறையாத கோலை வைத்திருப்பது வசதி. கடற்கரையில் ஷாட் மீனுக்கு வீசும் கோலைக் கொண்டுவந்தால், புளூகில் தொட்டதும் தெரியாது, விட்டதும் தெரியாது.

தங்கூசி நரம்பு 0.12 முதல் 0.16 மில்லிமீட்டர் தடிமனுக்குள் இருக்கட்டும். குளிர்காலத்தில் மழையில்லாததால் குளத்து நீர் தெளிந்துவிடும். தடித்த நரம்பு மீன் கண்ணுக்குத் தெரிவது ஒருபுறமிருக்க, சிறு இரையை இயல்பாக அசையவும் விடாது. முள் 12 முதல் 16-ஆம் எண் வரை, மெல்லிய கம்பியில் செய்ததாக இருக்க வேண்டும். முள்ளின் நுனியருகே எதிர்ப்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனையை இடுக்கியால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். அதனால் தவறிப்போகும் மீன் குறைவே. அந்தச் சிறிய வாயிலிருந்து முள்ளைக் கழற்றுவதில் மிச்சமாகும் நேரம் அதிகம்.

மெல்லிய குச்சித் தக்கை, பல அளவுகளில் பிளவுபட்ட ஈயக்குண்டுகள், ஆழம் பார்க்க ஒரு கனமான ஈயம், நீண்ட மூக்குடைய இடுக்கி, கைவலை, ஐஸ் போட்ட ஒரு பெட்டி ஆகியவை மீதிப் பட்டியல். அரை கிராம் முதல் ஒரு கிராம் வரையுள்ள சிறு ஜிக்குகள், அதாவது தலையில் உலோக எடை பொருத்திய முட்கள், சிலவும் வைத்திருங்கள். பனிக்கட்டியின்மீது மீன்பிடிப்போர் டங்ஸ்டன் உலோகத்தில் செய்த ஜிக்கையே விரும்புகின்றனர். ஈயத்தைவிட அது அடர்த்தி மிக்கதாகையால், அதே எடைக்கு உருவம் சிறுத்து, விரைவாக ஆழம் போய்ச் சேரும். அந்தக் காரணம் நமது குளங்களுக்கும் அப்படியே பொருந்துகிறது.

இரைக்கு மண்புழுவின் துண்டு, ஈப்புழு, ரொட்டிப் பிசைவு ஆகியவை போதுமானவை. கெண்டைக்கும் கர்ப்பருக்கும் நாம் உருட்டும் மீலி மாவுப் பாப், அதாவது மக்காச்சோளக் களி, குளிர்காலப் புளூகிலுக்கு அவ்வளவாக ஏற்றதன்று. இந்தப் பருவத்தில் அது உண்பது குளத்தடிச் சேற்றில் வாழும் கொசுவை ஒத்த பூச்சிகளின் சிவந்த புழுக்களையும் நீரில் மிதக்கும் மிகச் சிறு உயிரினங்களையும்தான். அரை அங்குலத்துக்கும் குறைவான செம்மண்புழுத் துண்டு, நுனி சற்றே தொங்கும்படி முள்ளில் மாட்டப்பட்டால், அதற்கு ஈடாக வேறெதையும் நான் சொல்லமாட்டேன்.

படி 4: இடமும் நேரமும்

இங்கே சற்று நின்று நீரின் இயல்பைப் புரிந்துகொள்வது பயன் தரும். நன்னீர் ஏறத்தாழ 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கிறது. அதனால் பனி மூடிய ஏரியில் மிகக் குளிர்ந்த நீர் கட்டிக்கு நேர் கீழேயும், ஒப்பீட்டில் வெதுவெதுப்பான 4 டிகிரி நீர் அடியிலும் தங்கும். மீனும் அடியை நாடும். நம் குளங்களோ அந்த 4 டிகிரி எல்லைக்கு மேலேயே இருப்பவை. இரவில் மேற்பரப்பு நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, குளம் முழுதும் கலந்து ஏறக்குறைய ஒரே வெப்பநிலைக்கு வருகிறது. பகலில் வெயில் பட்ட மேல்நீர் மட்டும் ஓரிரு டிகிரி சூடாகி மேலேயே நிற்கிறது. ஆகவே இங்குள்ள புளூகில் காலையில் ஆழத்தில் கூட்டமாகவும், நல்ல வெயில் நாளின் பிற்பகலில் அதைவிட ஆழம் குறைந்த இடத்திலும் கிடைக்கும். பனிக்கட்டித் தூண்டிற்காரரின் சிறிய இரையையும் பொறுமையையும் நாம் எடுத்துக்கொள்ளலாம். அவர் தேடும் இடத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

பண்ணைக் குளம் என்பது பெரும்பாலும் ஓர் ஓடையின் குறுக்கே எழுப்பிய மண்கரை. எனவே ஆழமான பகுதி மண்கரையை ஒட்டியும், ஆழமில்லாத பகுதி ஓடை வந்து சேரும் பக்கத்திலும் இருக்கும். பழைய ஓடையின் தடம் குளத்தடியில் இன்னும் ஒரு பள்ளமாக ஓடும். காலையில் முதலில் முயலவேண்டிய இடம், அந்தத் தடம் மண்கரையின் அடிவாரத்தைத் தொடும் பகுதி. இரண்டரை முதல் நான்கு மீட்டர் ஆழம் கிடைத்தால் நல்லது. மூழ்கிய மரமோ காய்ந்துபோன நீர்ப்பூண்டின் ஓரமோ அங்கே இருந்தால் இன்னும் நல்லது. பிற்பகலில் இடம் மாறலாம். நம் நாட்டில் குளிர்கால வெயில் வடக்கிலிருந்து சாய்ந்து விழுவதால், வடக்கு நோக்கிய சரிவுடைய தென்கரை ஓரம் முதலில் சூடேறும். காற்று வீசினால் அது சூடான மேல்நீரைத் தான் போகும் பக்கத்துக் கரைக்குத் தள்ளும். இவ்விரண்டும் ஒரே மூலையில் சேரும் நாளில் ஒன்றரை மீட்டர் ஆழத்தில்கூட மீன் நிற்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை விடியற்காலையில் எழுந்து நடுங்கத் தேவையில்லை என்பது இந்த மீன்பிடிப்பின் ஒரு சுகம். காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று வரை உள்ள நேரமே சிறந்தது. ஜூனில் ஐந்து மணி தாண்டியதும் இருட்டிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். குளிர் அலை வருவதற்கு முன்னால் உள்நாட்டிலிருந்து இறங்கும் வெப்பமான பெர்க் காற்று வீசும் நாள் கரையில் நிற்க இதமானது. ஆனால் அந்தக் காற்றில் காய்ந்த புல் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். அன்று தேநீருக்குக்கூட நெருப்பு மூட்டாதீர்கள்.

படி 5: ஆழம் அளந்து தக்கையைச் சமன்செய்தல்

குளிர்காலத்தில் வெறுங்கையுடன் திரும்புவோரில் பலர் தவறவிடுவது இந்தப் படியைத்தான். முள்ளில் கனமான ஈயத்தை மாட்டி, தக்கையை மேலும் கீழுமாக நகர்த்தி, எறிந்து பாருங்கள். தக்கை மூழ்கினால் நரம்பின் நீளம் போதவில்லை. படுத்துக்கொண்டால் நீளம் அதிகம். நுனி மட்டும் நீருக்கு மேலே தெரியும் அளவே அந்த இடத்தின் ஆழம். கரையிலிருந்து விசிறி விரித்தாற்போல் நாலைந்து திசைகளில் இப்படிப் பார்த்தால், எங்கே பள்ளம், எங்கே மேடு என்பது மனத்தில் பதிந்துவிடும். பிறகு இரை குளத்தடிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கும்படி தக்கையை இறக்குங்கள். ஆழம் கோலின் நீளத்தைவிட அதிகமானால், நரம்பில் ஓடும் தக்கையைப் போட்டு, அது நிற்கவேண்டிய இடத்தில் தனி நூலால் ஒரு சிறு முடிச்சு இடலாம்.

அடுத்தது எடை. ஈயக்குண்டுகளில் பெரும்பகுதியை, தக்கைக்கும் முள்ளுக்கும் இடைப்பட்ட நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கீழே ஒரே கொத்தாகப் பொருத்துங்கள். மிகச் சிறிய ஒரே ஒரு குண்டை முள்ளிலிருந்து பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் மேலே வையுங்கள். எல்லாம் பொருத்திய பின் தக்கையின் நுனி மூன்று, நான்கு மில்லிமீட்டர் மட்டுமே நீருக்கு மேலே தெரிய வேண்டும். அதற்கு மேல் தெரிந்தால் இன்னொரு சிறு குண்டைச் சேர்த்துவிடுங்கள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், குளிர்ந்த நீரில் புளூகில் இரையைக் கவ்விக்கொண்டு ஓடுவதில்லை. அருகில் வந்து நின்று, சற்று நேரம் பார்த்து, வாயைத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. பிடிக்கவில்லையென்றால் அடுத்த கணமே துப்பிவிடுகிறது. தக்கை பாதிக்கு மேல் வெளியே நின்றுகொண்டிருந்தால் இந்த நாடகம் முழுதும் நடந்து முடிந்திருக்கும், மேலே எதுவும் அசைந்திராது. சரியாகச் சமன்செய்த தக்கை மூன்று விதமாகப் பேசும். நுனி மெல்லக் கீழிறங்கலாம். பக்கவாட்டில் ஒரு விரற்கடை நகரலாம். மூன்றாவது, புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது, தக்கை சற்றே மேலெழும்புவது: மீன் இரையை வாயில் வைத்துக்கொண்டு மேல்நோக்கித் திரும்பும்போது அந்தக் கடைசிச் சிறு குண்டின் எடை தக்கையிலிருந்து நீங்கிவிடுவதால், நுனி ஐந்தாறு மில்லிமீட்டர் எழும்பி அப்படியே நிற்கும். எதுவும் மூழ்கவில்லையே என்று காத்திருக்காதீர்கள், அதுவே கடி. மணிக்கட்டை மட்டும் லேசாக உயர்த்தினால் போதும். தோளிலிருந்து இழுத்தால் மெல்லிய உதடு கிழிந்து மீன் போய்விடும்.

படி 6: இரை அசைவும் தீனியும்

ஜிக் கட்டினால் அதையும் தக்கையின் கீழேயே தொங்கவிட்டு, முள்ளில் ஓர் ஈப்புழுவை மாட்டுங்கள். கோலின் நுனியைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்தி, திரும்ப இறக்கி, பத்துப் பதினைந்து நொடி ஒன்றும் செய்யாமல் இருங்கள். கடி பெரும்பாலும் அசைவின்போது வருவதில்லை. அசைவு நின்றபின் வருகிறது. சும்மா இருக்க முடியாதவர்களுக்கு இது கடினமான பாடம்.

ரொட்டித்தூளையும் சிறிது மீலி மாவையும் ஈரமாகப் பிசைந்து, கோலிக்குண்டு அளவில் ஓர் உருண்டையைத் தக்கை நிற்கும் இடத்தில் போடலாம். மணிக்கு மூன்று உருண்டைக்கு மேல் வேண்டாம். குளிரில் மீனின் செரிமானம் மெதுவாக நடப்பதால், அது நிறையத் தின்றுவிட்டால் உங்கள் முள்ளில் உள்ளதற்கு வயிற்றில் இடமிராது.

கால் மணி நேரம் கடி இல்லையென்றால் முதலில் ஆழத்தை மாற்றுங்கள். அரை மீட்டர் அரை மீட்டராக மேலே கொண்டுவாருங்கள். அதற்கும் பதிலில்லையென்றால் இடத்தை மாற்றுங்கள். ஒரு மீன் கிடைத்துவிட்டால் அதே இடத்தை விடாதீர்கள். குளிர்காலத்தில் புளூகில் தனியாக நிற்பது அரிது.

படி 7: கையாளுதலும் எதை எடுப்பது என்பதும்

முதுகுத் துடுப்பின் முற்பகுதியில் பத்து முட்கள் உண்டு. நனைந்த கையைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவிக்கொண்டு போனால் அவை படிந்துவிடும். பிறகு பிடித்தால் குத்தாது. எடுத்துக்கொள்ளும் மீனை உடனே தலையில் தட்டிக் கொன்று ஐஸில் போடுவதே முறை.

எதை எடுப்பது என்பதைக் குளத்து உரிமையாளருடன் பேசி முடிவுசெய்யுங்கள். புளூகில் அளவுக்கு மீறிப் பெருகும் மீன். தின்பதற்குப் போதிய பாஸ் இல்லாத குளத்தில் நூற்றுக்கணக்கான மீன்கள் விரல் நீளத்திலேயே வளர்ச்சி நின்றுவிடுகின்றன. புதிதாக இருப்பு வைக்கும் அமெரிக்கக் குளங்களில் 10 புளூகிலுக்கு 1 பாஸ் என்ற விகிதம் நெடுங்காலமாகப் பின்பற்றப்படுவது இந்தச் சமநிலைக்காகத்தான். ஆகவே நெருக்கடி மிகுந்த குளத்தில் பாஸ் மீனைத் திரும்ப விடுவதும், சிறிய புளூகில்களைத் தாராளமாக எடுப்பதும் உரிமையாளருக்குச் செய்யும் உதவி. பெரிய மீன் மட்டும் போதும் என்று பொறுக்கி எடுப்பதுதான் கெடுதல்: பெரிய ஆண்கள் காணாமற்போனால், சிறிய ஆண்கள் வளர்வதை விட்டுவிட்டு இளமையிலேயே இனப்பெருக்கத்தில் இறங்கிவிடுகின்றன, சில ஆண்டுகளில் குளம் முழுதும் பொடி மீனாகிவிடும். மார்பு செம்மஞ்சளாக மின்னும் ஓர் ஆண் மீன் ஒரு சாண் நீளத்தை நெருங்கினால், அதைத் திரும்ப விடும்படி நான் சொல்வேன். புளூகிலே தன் குளத்தில் வேண்டாம் என்று உரிமையாளர் கருதினால், அவர் சொல்லே முடிவு; அப்போது ஒன்றையும் திரும்ப விடாதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததைச் செதில் நீக்கி, குடல் எடுத்து, இருபுறமும் ஆழமாகக் கீறுங்கள். கீறல் நெருக்கமாக இருந்தால் நுண்முட்கள் பொரியும்போது முறுகிவிடும். மிக்ஸ்டு மசாலா, மஞ்சள், உப்பு, பூண்டு, எலுமிச்சைச் சாறு தடவி அரை மணி நேரம் ஊறவைத்து எண்ணெயில் பொரிப்பதே இந்த மீனுக்கு ஏற்றது. புளிக்குழம்பில் போட்டால் சதை உதிர்ந்து முள் மட்டும் மிஞ்சும். செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்து வீட்டில் மீன் சட்டி மேலே ஏறிவிடும் என்பதால், பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்தப் பருவம் இயல்பாகவே ஆவணியோடு முடிகிறது.

படி 8: கிளம்பும் முன்

துண்டு நரம்பு ஒன்றுகூடக் கரையில் கிடக்கக் கூடாது; மாட்டின் காலிலும் கொக்கின் காலிலும் அதுதான் சிக்குகிறது. திறந்த வாயில்களைத் திறந்தபடியும், மூடியவற்றை மூடியும் விட்டுவிட்டு வாருங்கள். எத்தனை மீன் எடுத்தீர்கள், எந்த அளவு, எத்தனை திரும்ப விட்டீர்கள் என்பதை உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த முறை அனுமதி கேட்பதை அது எளிதாக்கும். கைவலையையும் காலணியையும் அங்கேயே சேறு போகக் கழுவி, வீட்டில் வெயிலில் நன்றாகக் காயவைத்த பின்பே வேறொரு குளத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். ஈர வலையின் மடிப்பில் ஒட்டிக்கொள்ளும் நீர்ப்பூண்டுத் துணுக்கும் நத்தை முட்டையும் அடுத்த குளத்தில் முளைத்துவிடும்.